ஆளில்லாத அறையில் ஒரு கணினி: கரன்ட் போனாலும் டிஸ்க் போனாலும் தானே எழ வைப்பது எப்படி

இன்டர்நெட் வழியாக மட்டுமே தொடக்கூடிய ஒரு லினக்ஸ் கணினி உங்களிடம் இருக்கிறது. அது இருக்கும் இடத்துக்கு அடுத்து எப்போது போவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. அங்கே கரன்ட் போய்ப் போய் வரும். டிஸ்க் என்றாவது ஒருநாள் படுக்கும். அப்படிப்பட்ட கணினிக்கான வழிகாட்டி இது.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் டிஸ்க்கில் தொடங்குகிறார்கள். இரண்டு டிஸ்க் வாங்கி, ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக்கி, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் ஏற்பாடு) போட்டு, நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். நான் நேரில் ஓட வேண்டி வந்த நாட்களில் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கணினி ஏதோ ஒரு கேள்வியைத் திரையில் போட்டுவிட்டு, யாராவது வந்து ஒரு விசையைத் தட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. அதனால் இங்கே வரிசை வேறு: முதலில் தானே எழுவது, பிறகு உள்ளே நுழையும் வழி, அப்புறம் யுபிஎஸ், அதற்கும் அப்புறம்தான் டிஸ்க்.

1. கையில் இருக்க வேண்டியவை

கணினியை நேராக அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு வாரமாவது உங்கள் மேஜையிலேயே ஓடட்டும். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் பிளக்கைப் பிடுங்கும் வகை. தப்பு வந்தால் திரையைப் பார்க்க வேண்டும், அது மேஜையில்தான் முடியும்.

தேவையானவை: அமைக்கும் நாட்களுக்கு மட்டும் ஒரு மானிட்டரும் கீபோர்டும், இரண்டு டிஸ்க், யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் யுபிஎஸ், ஒரு புதிய சிஆர்2032 பொத்தான் பேட்டரி, லேபிள் ஒட்டும் காகிதம். வெளியே எங்காவது எப்போதும் ஓடும் இன்னொரு சின்ன சர்வரும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் 3ஆம் படியும் 8ஆம் படியும் நடக்காது.

2. கரன்ட் வந்ததும் தானே எழ வேண்டும்

பயாஸுக்குள் (கணினி எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) போய், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைத் தேடுங்கள். 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பது போன்ற பெயரில், பெரும்பாலும் பவர் மேலாண்மைப் பக்கத்தில் இருக்கும். வழக்கமாக மூன்று தேர்வுகள்: அணைந்தே இரு, முன்பிருந்த நிலைக்குப் போ, எழுந்துகொள்.

பலரும் நடுவில் இருப்பதை எடுக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யுபிஎஸ் பேட்டரி தீரும் முன் கணினி தன்னை முறையாக அணைத்துக்கொள்ளும் அல்லவா? அப்போது 'முன்பிருந்த நிலை' என்பது 'அணைந்த நிலை' ஆகிவிடுகிறது. கரன்ட் வந்தாலும் கணினி தூங்கிக்கொண்டேதான் இருக்கும். 'எழுந்துகொள்' என்பதையே எடுங்கள்.

அதே பக்கங்களைச் சுற்றி வரும்போது இன்னும் இரண்டு வேலை. கீபோர்டு இல்லை, விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்பது போன்ற சின்னப் பிழைகளுக்கு நின்று விசை கேட்கும் வழக்கம் இருந்தால் அணைத்துவிடுங்கள். பூட் வரிசையில் யுஎஸ்பியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். யாரோ செருகிவிட்டுப் போன ஒரு பென் டிரைவில் பூட் ஆகப் பார்த்து கணினி நிற்பது சிரிப்புக்குரிய விஷயம்தான், அதற்காக நீங்கள் கிளம்பிப் போகும் வரை.

மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அது செத்துப்போனால் கரன்ட் போகும்போது கடிகாரம் பின்னால் ஓடிவிடும். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட 'எழுந்துகொள்' உட்பட.

சோதனை: கணினி ஓடும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள். உடனே செருகினால் பவர் சப்ளையில் மிச்சமிருக்கும் மின்சாரத்தால் சோதனை பொய்யாகிவிடலாம். முறையாக அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் செருகும் சோதனையையும் செய்யுங்கள். இரண்டிலும் தானே எழ வேண்டும்.

பூட் ஆகும் வழியிலும் கேள்விகள் உண்டு

முதல் இடம் கிரப், அதாவது லினக்ஸை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல். உபுண்டுவில், போன முறை பூட் அரைகுறையாக நின்றிருந்தால் அடுத்த முறை மெனு காட்டிக் காத்திருக்கும். இப்போதைய பதிப்புகளில் அது 30 நொடி. பழையவற்றில் யாராவது தேர்ந்தெடுக்கும் வரை அப்படியே நிற்கும். கிரப் அமைப்பில் 'ரெக்கார்ட்ஃபெயில்' நேரத்தைச் சில நொடிகளாகக் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது எஃப்எஸ்டேப், பூட்டில் எந்தெந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் கோப்பு. இதுதான் பெரிய வில்லன். அதில் எழுதிய டிஸ்க் ஒன்று கிடைக்காவிட்டால் சிஸ்டம்டி (பூட்டில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் லினக்ஸின் மேலாளர்) 90 நொடி காத்திருக்கும். பிறகு அவசர நிலைக்குப் போய், ரூட் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அந்த நிலையில் நெட்வொர்க் இருக்காது. நான் ஒருமுறை வெளி டிஸ்க் ஒன்றை இணைத்து எஃப்எஸ்டேப்பில் எழுதினேன். சில வாரம் கழித்து அங்கிருந்த யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். கணினி ஒன்றும் சொல்லவில்லை, ஓடிக்கொண்டேயிருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கரன்ட் போய் வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. கரன்ட்டைத்தான் திட்டினேன், தப்பு செய்தது நான்.

அதனால் ரூட் (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) தவிர்த்த எல்லா வரிகளிலும் 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் நிற்காமல் மேலே போ) சேருங்கள். டிஸ்க்குகளை வரிசைப் பெயரால் குறிக்காமல் யுயுஐடியால் (ஒவ்வொன்றுக்கும் உரிய மாறாத அடையாள எண்) குறியுங்கள், ஏனென்றால் ஒரு டிஸ்க் காணாமல் போனால் மற்றவற்றின் பெயர் மாறலாம். கெர்னலுக்கு (லினக்ஸின் மையக்கரு) பூட்டில் கொடுக்கும் வரியில் கோப்பு முறைமைச் சோதனை கேள்வி கேட்காமல் சரிசெய்யும்படி 'எஃப்எஸ்சிகே டாட் ரிப்பேர்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். அமைப்பில் எதை மாற்றினாலும் அன்றே ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். தப்பு நினைவில் இருக்கும்போதே அகப்பட வேண்டும்.

மூன்றாவது, டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்து, பூட்டில் பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பது. பாதுகாப்புக்கு நல்லது, ஆளில்லாத அறைக்கு ஒத்துவராது. ரகசியம் முக்கியம் என்றால் சிஸ்டத்தைத் திறந்த நிலையில் விட்டு, தரவு பார்ட்டிஷனை மட்டும் குறியாக்கி, கணினி எழுந்தபின் நீங்கள் உள்ளே வந்து திறங்கள். பலருக்கு இதுவே போதும்.

3. உள்ளே நுழைய இரண்டு வழி

அந்த இடத்து ரவுட்டரில் போர்ட் திறந்து, அதன் ஐபி முகவரியை நம்பி இருக்காதீர்கள். கரன்ட் போய் வந்தால் அந்த முகவரி மாறிவிடலாம், ரவுட்டர் தன் அமைப்பை மறந்துவிடலாம். கணினி தானே வெளியே இருக்கும் உங்கள் சின்ன சர்வரை அழைக்கட்டும். வயர்கார்டு போதும், அது இரண்டு கணினிக்கு நடுவே இன்டர்நெட் வழியாகக் குறியாக்கப்பட்ட சுரங்கம் போடும் மென்பொருள். இடையில் இருக்கும் ரவுட்டர் இணைப்பை மறக்காமல் இருக்க 25 நொடிக்கு ஒருமுறை ஒரு பொட்டலம் அனுப்பும் 'கீப்அலைவ்' அமைப்பைக் கணினிப் பக்கத்தில் போடுங்கள். இரண்டாவது வழியாக, அதே சர்வருக்கு ஒரு தலைகீழ் எஸ்எஸ்எச் சுரங்கம் (கணினி தானே சர்வரை அழைக்கும், அந்த இணைப்பின் வழியாகவே நீங்கள் திரும்ப உள்ளே வருவீர்கள்). ஒன்றின் அமைப்பை மாற்றும்போது கை தவறினால் மற்றொன்றின் வழியாக வந்து சரிசெய்யலாம்.

இங்கே எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. கரன்ட் வந்ததும் கணினியும் ரவுட்டரும் ஒன்றாக எழுகின்றன. கணினி அரை நிமிடத்தில் தயார். ரவுட்டர் எழுந்து, இணைப்பு கிடைத்து முடியச் சில நிமிடம் ஆகும். அதற்குள் சுரங்கச் சேவை முயன்று, தோற்று, மீண்டும் முயலும். சிஸ்டம்டியின் இயல்பான கணக்குப்படி 10 நொடிக்குள் 5 முறை தொடங்கித் தோற்றால் அந்தச் சேவையை அது கைவிட்டுவிடும். பிறகு இணைப்பு வந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். சேவையின் அமைப்பில் மறுமுயற்சிக்கு 30 நொடி இடைவெளி கொடுங்கள், எண்ணிக்கை வரம்பைப் பூஜ்யமாக்குங்கள். அதாவது, சலிக்காமல் முயன்றுகொண்டே இருக்கட்டும்.

கடிகாரமும் இங்கே குறுக்கே வரும். வயர்கார்டு தன் முதல் கைகுலுக்கலில் (இணைப்பைத் தொடங்கும் செய்தியில்) நேரத்தையும் சேர்த்து அனுப்புகிறது. முன்பு பார்த்த நேரத்தைவிடப் பின்தங்கிய நேரம் வந்தால், பழைய பொட்டலத்தை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ணி மறுமுனை ஒதுக்கிவிடும். கடிகாரப் பேட்டரி இல்லாத சின்ன போர்டுகளில் இது அடிக்கடி நடக்கும். நேரத்தைச் சரிசெய்யும் சேவை சுரங்கத்துக்கு வெளியே, நேராக இன்டர்நெட்டில் போய் நேரம் கேட்கும்படி இருக்கட்டும்.

4. யுபிஎஸ்: ஓட்டுவதற்கு மட்டும் இல்லை, அணைப்பதற்கும்

யுபிஎஸ் வாங்கிச் செருகிவிட்டு யுஎஸ்பி கேபிளை டப்பாவிலேயே விட்டுவிடுபவர்கள் நிறைய. கேபிள் இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்த நொடியில் கணினி வெறுமனே விழும். பிளக்கைப் பிடுங்கியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, பத்து நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

வாங்கும்போது விஏ என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். உண்மையில் தாங்கும் வாட் எண் அதைவிடக் குறைவாக இருக்கும். கணினியோடு ரவுட்டரையும், இணைப்பு வரும் பெட்டியையும் அதிலேயே செருகுங்கள். அவை மிகக் குறைவாகத்தான் மின்சாரம் எடுக்கும். இரண்டு நிமிட வெட்டுகளில் இணைப்பே அறுபடாது.

கணினியில், யுபிஎஸ்ஸோடு பேசி அதைக் கவனிக்கும் நட் என்ற மென்பொருளை நிறுவுங்கள். யுபிஎஸ் ஏபிசி நிறுவனத்துடையது என்றால் ஏபிசியுபிஎஸ்டியும் சரிவரும். எப்போது அணைப்பது? பேட்டரி கடைசி மூச்சு விடும் வரை காத்திருக்காதீர்கள். பாதி மிச்சமிருக்கும்போதே அணைத்துவிடுவது என் பழக்கம். கரன்ட் வந்து ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். முதல் வெட்டிலேயே பேட்டரியைக் காலி செய்திருந்தால் இரண்டாவது வெட்டு பூட் நடுவில் வந்து விழும்.

அடுத்தது, பெரும்பாலானோர் யோசிக்காத ஒரு இடைவெளி. பேட்டரி குறைந்து கணினி அணையத் தொடங்கிவிட்டது. அணைந்து முடிவதற்குள் கரன்ட் வந்துவிட்டது. யுபிஎஸ் ஒருபோதும் மின்சாரத்தை நிறுத்தவில்லை. கணினியின் பார்வையில் கரன்ட் போகவே இல்லை, அதனால் 'திரும்பி வந்தது' என்ற நிகழ்ச்சியும் இல்லை. அணைந்தது அணைந்தபடியே கிடக்கும்.

இதற்கு வழி, அணையும் கடைசிக் கட்டத்தில் கணினியே யுபிஎஸ்ஸிடம் 'இன்னும் சற்று நேரத்தில் உன் வெளியீட்டை நிறுத்து, கரன்ட் இருந்தால் சில நொடி கழித்துத் திரும்பக் கொடு' என்று சொல்லிவிட்டுப் போவது. நட்டில் இதற்கான வசதி உண்டு, ஆனால் எல்லா யுபிஎஸ்ஸும் அதற்குக் கீழ்ப்படியாது. கட்டாய அணைப்புக் கட்டளை கொடுத்துக் கண்ணால் பாருங்கள்: கணினி அணைய வேண்டும், யுபிஎஸ் தன் வெளியீட்டை நிறுத்த வேண்டும், பிறகு இரண்டும் எழ வேண்டும். சுவர் பிளக் செருகியபடியே இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்வதுதான் முக்கியம்.

யுபிஎஸ்ஸில் இருக்கும் ஈய-அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம் வரும், வெப்பமான அறையில் அதைவிடக் குறைவு. மாற்றிய மாதத்தை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

5. டிஸ்க்: இரண்டு இருந்தால் போதாது

மென்பொருள் ரெய்டு, முதல் நிலை (ஒரே தரவு இரண்டிலும்), இரண்டு டிஸ்க். இந்த மாதிரி கணினிக்கு நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்தாம் நிலை ரெய்டில் (மூன்று அல்லது அதற்கு மேல் டிஸ்க்) இடம் மிச்சம்தான். ஆனால் ஒரு டிஸ்க் போயிருக்கும் நிலையில் கரன்ட்டும் திடீரென்று போனால், அந்தத் தொகுப்பைத் தானாகத் தொடங்க லினக்ஸ் மறுத்துவிடும். தரவு கெட்டிருக்கலாம் என்ற அதன் பயம் நியாயமானது. பயணச்செலவு உங்களுடையது.

தரவை இரண்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, பூட் செய்வதற்கானதை ஒன்றில் மட்டும் வைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. முதல் டிஸ்க் போனால் தரவு பத்திரமாக இருக்கும், கணினி எழாது. பழைய வகை பயாஸ் என்றால் கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவுங்கள். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வகை) என்றால் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை (பூட் நிரல்கள் இருக்கும் சின்னப் பகுதி) இரண்டாவது டிஸ்க்கிலும் உருவாக்கி, உள்ளடக்கத்தை நகலெடுத்து, பயாஸின் பூட் பட்டியலிலும் சேருங்கள். பட்டியல் அழிந்துபோனாலும் பயாஸ் தேடிப் பார்க்கும் பொதுப் பெயரிலும் ஒரு நகல் வையுங்கள். கிரப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இரண்டாவது நகலும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் இரண்டு பொறிகள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் எஃப்எஸ்டேப்பில் முதல் டிஸ்க்கின் யுயுஐடியோடு இருக்கும். அந்த டிஸ்க் செத்தால் 2ஆம் படியில் சொன்ன அவசர நிலைதான். அங்கும் 'நோஃபெயில்' வேண்டும். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) ஒரே டிஸ்க்கில் இருந்தால், டிஸ்க் போகும்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும் கூடவே சாகும். ஸ்வாப்பை ரெய்டின் மேலேயே வையுங்கள்.

சோதனை: கணினியை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, எழுப்புங்கள். தானே எழுந்து சுரங்கம் வரை வர வேண்டும். மறுபடி இணைத்து, ஒத்திசைவு முழுவதும் முடிந்தபின், இரண்டாவதைக் கழற்றிப் பாருங்கள். முடிவதற்குள் அவசரப்பட்டால் பாதி எழுதிய டிஸ்க்கில் பூட் செய்யப் பார்ப்பீர்கள்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு ஒரு குணம் உண்டு. படிக்க முடியாத ஓர் இடத்தில் நிமிடக்கணக்கில் விடாமல் முயலும். லினக்ஸோ 30 நொடிதான் பொறுக்கும், பிறகு அந்த டிஸ்க்கையே ரீசெட் செய்யும். ஓர் இடம் கெட்டதற்கு டிஸ்க் முழுவதும் ரெய்டிலிருந்து வெளியேற்றப்படலாம். டிஸ்க் ஏற்றுக்கொண்டால், 7 நொடியில் முயற்சியைக் கைவிடச் சொல்லி ஸ்மார்ட்மான்டூல்ஸ் (டிஸ்க்கின் நலத்தைக் கவனிக்கும் மென்பொருள்) வழியாக அமையுங்கள். ஏற்காவிட்டால் லினக்ஸின் பொறுமையை 180 நொடியாக உயர்த்துங்கள். கரன்ட் போனால் இந்த அமைப்பைப் பல டிஸ்க்குகள் மறந்துவிடும். ஒவ்வொரு பூட்டிலும் மறுபடி போடும்படி எழுதி வையுங்கள்.

டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களில் நான்கைக் கவனித்தால் போதும். 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட கெட்ட பகுதிகள், 197 முடிவு தெரியாமல் காத்திருப்பவை, 198 படிக்கவே முடியாதவை. இவற்றில் எது ஏறத் தொடங்கினாலும் புது டிஸ்க் வாங்குங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் கேபிள்தான் காரணம். வாரம் ஒரு குறுஞ்சோதனை, மாதம் ஒரு நெடுஞ்சோதனை. ரெய்டு முழுவதையும் படித்து ஒப்பிடும் வேலை டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு தானே நடக்கும், அதை அணைத்துவிடாதீர்கள். பல மாதம் யாரும் தொடாத பகுதிகளில் இருக்கும் கோளாறு அப்போதுதான் வெளிப்படும்.

கடைசியில் டிஸ்க்கை மாற்றப்போவது நீங்களாக இருக்காது, அங்கே இருக்கும் யாரோ ஒருவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு. "இடது பக்கம் இருப்பதைக் கழற்றுங்கள்" என்றால் யாருடைய இடது? ஒவ்வொரு டிஸ்க்கின் முன்புறமும் தெரியும்படி அதன் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உள்ளே எடுத்த போட்டோ ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவைப்பது, நான் பார்த்தவரை, ரெய்டு போட்டும் தரவை இழப்பதற்கு முதல் காரணம்.

6. பேக்கப்

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறாக அழித்த கோப்பை அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்து அழிக்கும். ரெஸ்டிக், போர்க் என்ற பேக்கப் மென்பொருள்களில் எது பழக்கமோ அதை வைத்துத் தினமும் வெளியே அனுப்புங்கள். எக்ஸ்ட்4 (லினக்ஸில் பரவலாக இருக்கும் கோப்பு முறைமை) தன் பதிவேட்டை 5 நொடிக்கு ஒருமுறை எழுதினாலும், புதுக் கோப்பின் உள்ளடக்கம் அதற்கும் மேல் சிறிது நேரம் நினைவகத்திலேயே இருக்கலாம், அதற்குள் கரன்ட் போனால் அது தொலையும். டேட்டாபேஸ் இருந்தால் கோப்பை அப்படியே நகலெடுக்காமல் அதன் சொந்த ஏற்றுமதிக் கட்டளையால் எடுத்து அனுப்புங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள்.

7. உயிரோடு தொங்கிப்போனால்

கரன்ட் இருக்கிறது, விளக்கு எரிகிறது, பதில் இல்லை. இதற்கு இரண்டு அமைப்பு. கெர்னல் நிலைகுலைந்தால் 10 நொடியில் தானே ரீபூட் ஆகும்படி 'கெர்னல் டாட் பேனிக்' மதிப்பை 10 ஆக்குங்கள். மதர்போர்டில் இருக்கும் வாட்ச்டாக்கை சிஸ்டம்டியின் அமைப்பில் இயக்குங்கள். சிஸ்டம்டி குறித்த நேரத்துக்குள் அதைத் தட்டாவிட்டால் அதுவே கணினியை ரீசெட் செய்யும்.

சிலர் ஸ்மார்ட் பிளக் வைத்து, தூரத்திலிருந்து அணைத்து எழுப்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கரன்ட் போய் வந்தபின் அந்த பிளக் எந்த நிலையில் இருக்கும் என்று பாருங்கள். 'அணைந்தே இரு' என்று இருந்தால் 2ஆம் படியில் பட்ட பாடெல்லாம் வீண்.

8. அமைதியாகிவிட்டால் தெரிய வேண்டும்

செத்த கணினி தான் செத்ததை மெயில் அனுப்பிச் சொல்லாது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை அது வெளியே இருக்கும் சர்வருக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லட்டும். 20 நிமிடம் சத்தம் இல்லை என்றால் அந்த சர்வர் உங்களை எழுப்பட்டும். இதைவிட அவசரப்படுத்தினால் ஒவ்வொரு சின்ன வெட்டுக்கும் போன் அடித்து, ஒரு மாதத்தில் அறிவிப்பையே அணைத்துவிடுவீர்கள்.

எழுந்ததும் ஒரு மெயில், ரெய்டில் டிஸ்க் விலகினால் ஒரு மெயில், ஸ்மார்ட் எண் ஏறினால் ஒரு மெயில். மெயில் உண்மையிலேயே வருகிறதா என்பதை எம்டிஏடிஎம் (ரெய்டை நடத்தும் நிரல்), ஸ்மார்ட்மான்டூல்ஸ் இரண்டிலும் இருக்கும் சோதனை அறிவிப்பை அனுப்பிப் பாருங்கள். ஒரு டிஸ்க் செத்து ஏழு மாதம் ஒற்றை டிஸ்க்கில் ஓடிய கணினியைப் பார்த்திருக்கிறேன். அது தினமும் மெயில் எழுதிக்கொண்டுதான் இருந்தது, தன் சொந்தப் பெட்டிக்கே.

9. அந்த இடத்தில் மறுபடி ஒருமுறை

மேஜையில் எல்லாம் தேறியதும் மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றிவிட்டு, அவை இல்லாமல் பிளக் சோதனையை மீண்டும் செய்யுங்கள். மானிட்டர் இல்லாவிட்டால் எழ மறுக்கும் கணினிகள் உண்டு.

பிறகு அதைக் கொண்டுபோய் வைத்து, அங்குள்ள ரவுட்டரோடு சேர்த்து மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். கையில் இருக்கும் போனின் டேட்டாவில், அந்த இடத்து வைஃபையில் இல்லை, சுரங்கம் வழியாக உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒருநாள் கணினி பேசாதபோது, இன்னும் எவ்வளவு காத்திருக்கலாம் என்று அந்த எண்தான் சொல்லும்.

கிளம்பும் முன் பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டுங்கள்: இது எதற்கான கணினி, அணைக்க வேண்டாம், எந்தக் கேபிள் எதற்கு, கட்டாயம் அணைக்க வேண்டி வந்தால் எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்துவது, யாரை அழைப்பது. வரிகள் நான்கைத் தாண்ட வேண்டாம். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், நேராக சுவிட்சில்தான் கை வைப்பார்கள்.